சுடாமல் போனவள்

தடதடவென்று துப்பாக்கி வெடித்தது. பின்னாலேயே பற்கள் நறநறத்தன. கதவருகே பெருக்கிக்கொண்டிருந்த தெய்வானை நிமிர்ந்தாள். திரையில் முதலாளி மகேந்திரன் மறுபடியும் செத்துக் கிடந்தார்.

கேம் கடை நிறையப் பையன்கள். ஒருவன் சிரித்துவிட்டான். பழி துடைப்பத்தின் மேல் விழுந்தது.

“உன் சரக் சரக் சத்தத்துலதான் தோத்தேன். இந்த ஜாம்பிப் பொணக் கூட்டத்தைத் தாண்டி, திரையில தெரியுற அந்த வாசலுக்கு நீ போய்க் காட்டு. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

தெய்வானைக்குப் போக்கிடம் கிடையாது. கடையின் பின்னறைதான் வீடு. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். சுடவே இல்லை. திரையில் இருந்த வீரனைச் சுவரோரமாக மெல்ல நடத்தினாள். ஜாம்பிகள் உரசிக்கொண்டு போயின, ஒன்றுகூடத் திரும்பவில்லை. வாசல் திறந்தது.

“எப்படி?” என்றார் முதலாளி.

“சத்தம் என் துடைப்பத்துல இல்லைங்க, உங்க துப்பாக்கியில. வெடிச்சாத்தான் அதுங்க பாயுது. ஓரமா போறவளை யாரும் பார்க்கிறதில்லை, சார். இத்தனை வருஷமா இங்க பெருக்கறேனே, என் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்.”

முதலாளி வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. பையன்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

“நாளைக்கு வா” என்று முணுமுணுத்தார்.

தெய்வானை துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள். பையன்கள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.