ஸ்கேனரை எடை போட்டவர்கள்

விருதுநகர்ப் பக்கம் ஒரு வடகக் கம்பெனி இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்று ஓர் அறை. அந்த அறைக்குள் மூன்று பேர், மூவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. தலைவர் பொன்னுரங்கம். அவருக்கு அடுத்தபடி செம்புலிங்கம். அவருக்கும் அடுத்தபடி தவசி. தங்கமான மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். கஷ்டமே அதுதான்.

கம்பெனியில் எந்தப் பிரிவு எந்த மிஷின் கேட்டாலும் இந்த மூவரும் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள்.

குடோனைக் கவனித்துவந்த மரகதவல்லி ஒரு ஸ்கேனர் கேட்டார். பெட்டிமேல் இருக்கும் கோடுகளைப் படித்து, அது எந்த ஊருக்குப் போகணும் என்று காட்டும் கைமிஷின். போன மாதம் கும்பகோணத்துப் பெட்டி கோவில்பட்டிக்குப் போய், பாவம், அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை இருநூறு பெட்டி கிளம்பவேண்டும். இன்னொரு தடவை ஊர் மாறினால் வேலை போய்விடும்.

கடைக்காரர் ஒரு ஸ்கேனரைப் பார்க்கக் கொடுத்தனுப்பினார். மேனேஜர் சுகந்தி மேடம் மூவரையும் அழைத்தார்.

"அவசரப்படாம எடை போட்டுப் பாருங்க. நல்லா அலசுங்க. நம்ம பழைய கம்ப்யூட்டரோட ஒத்துப்போகுதான்னும் பார்த்துச் சொல்லுங்க."

மூவரும் நேராக வடகம் நிறுக்கும் தராசுக்குப் போனார்கள். அவசரப்படக் கூடாதல்லவா? ஸ்கேனரைத் தட்டில் இறக்கி வைக்கவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். முன்னூற்று இருபது கிராம்.

அடுத்து ஒரு வாளித் தண்ணீர் வந்தது.

"ஒரு தண்ணியில அலசினாப் போதுமாண்ணே?" என்று கேட்டார் செம்புலிங்கம்.

பொன்னுரங்கம் கண்ணை மூடி யோசித்தார். "மேடம் 'நல்லா'ன்னு சொல்லியிருக்காங்க. மூணு தண்ணி."

அலசியதை மொட்டைமாடியில் வடகத்தோடு வடகமாகக் காயப்போட்டார்கள். தவசி குச்சியோடு உட்கார்ந்து காக்கா விரட்டினார்.

மறுநாள் காலை பழைய கம்ப்யூட்டருக்கு எதிரே ஸ்கேனரை வைத்துவிட்டு மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் வரை பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கலையேண்ணே" என்றார் தவசி கவலையாக.

"புதுசுல அப்படித்தான். நானும் என் சம்பந்தியும் பேசவே ஆறு மாசம் ஆச்சு. சண்டை வரலைல்ல? எழுதிக்கோ" என்றார் பொன்னுரங்கம்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை மேடத்தின் மேஜைக்கு வந்தது. 'எடை முன்னூற்று இருபது கிராம். அலசியபின் முன்னூற்று அறுபது. அழுக்கு இல்லை. கம்ப்யூட்டரோடு மனஸ்தாபம் இல்லை. வாங்கலாம்.'

மரகதவல்லி ஸ்கேனரை ஆசையாகக் கையில் எடுத்து அமுக்கினார். சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

சுகந்தி மேடத்துக்கு முகம் சிவந்துபோனது. "இப்ப இந்த மிஷின் செய்யற வேலையை யாருய்யா செய்வா? நீங்களே செய்ங்க!"

"சரிங்க மேடம்" என்றார் பொன்னுரங்கம்.

மூவரும் குடோன் வாசலில் வரிசையாக நின்றார்கள். செம்புலிங்கம் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, மூக்கு உரச, கோடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பார்த்து முடித்ததும் பொன்னுரங்கம் தவசியின் தோளை அமுக்கினார். தவசி "பீப்" என்றார்.

இப்படிப் பெட்டிகள் ஆமைபோல நகர்ந்ததில், மரகதவல்லிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை நிதானமாகப் படித்துப் பார்த்து ஏற்ற முடிந்தது. அன்றைக்கு ஒரு பெட்டிகூட ஊர் மாறவில்லை. அவர் வேலையும் தப்பியது. நடுவில் ஒரே ஒரு தடங்கல்தான்.

நூற்றைம்பதாவது பெட்டியில் பொன்னுரங்கம் தோளை அமுக்கினார். தவசியின் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி அமுக்கினார். அதுவும் இல்லை.

"என்னண்ணே ஆச்சு இவருக்கு?" என்று பதறினார் மரகதவல்லி.

"ஒண்ணுமில்லம்மா. சார்ஜ் இறங்கிருச்சு."

பொன்னுரங்கம் தவசியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், பிளக் பாயிண்ட் பக்கத்தில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துத் தவசி தானாகவே எழுந்தார். ஞாபகமாக சுவிட்சை அணைத்தார்.

"ஃபுல் ஆயிருச்சுண்ணே" என்றார்.