ஐம்பத்துநாலு காட்டும் பெட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த கோதண்டபாணிக்குத் தன் பெயர் மேல் தீராத ஆசை. கட்டடத்துக்கு அந்தப் பெயர், காருக்கு அந்தப் பெயர், ஆபீஸ் வைஃபைக்கும் அதே பெயர்தான்.

ஒருநாள் லேப்டாப்பில், சுற்றிலும் கிடைக்கும் வைஃபைகளின் பெயரையும் வேகத்தையும் பட்டியலாகக் காட்டும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தவர், ரூட்டர் மாட்டிய பூங்கோதையை மொத்த ஆபீசுக்கும் முன்னால் நிறுத்தினார்.

"முந்நூறு வரும்னு சொல்லித்தானே மாட்டினே? கோதண்டபாணின்னு மேலயே இருக்கு பாரு, ஐம்பத்துநாலு! ஐம்பத்துநாலு காட்டற பெட்டியை ரோட்டுல வீசிட்டு நீயும் கிளம்பு."

"வீசிடலாமுங்க சார்."

பூங்கோதை ஸ்டூல் போட்டு ஏறினாள். வயரைப் பிடுங்கி, ரூட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. எவ்வளவு காட்டுது?"

முதலாளி பார்த்தார். கோதண்டபாணி, ஐம்பத்துநாலு. அசையவே இல்லை.

"உங்க போன்லிருந்து வர்ற வைஃபை, அந்த ஹாட்ஸ்பாட்டுக்கும் உங்க பேரையே வெச்சிருக்கீங்களா சார்?"

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அப்ப ஐம்பத்துநாலு காட்டற பெட்டி அதுதானுங்க. நீங்களே வீசறீங்களா, நான் வீசட்டுங்களா?"