செவலை வாயை மூடிக்கொண்ட துவாதசி

மாடும் மனுஷனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாரங்கன் என்று ஒருவன் இருந்தான். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. ஏகாதசி வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மறுநாள் துவாதசிக்கு ஊரையே கூப்பிட்டு இலை போடுவான். வந்தவர்கள் வயிறு குளிர்ந்து, "உன்னைப் போல உண்டா!" என்பார்கள். அதைக் கேட்கக் கேட்க அவனுக்குப் புகழாசை ஏறிக்கொண்டே போனது. எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? இவனுக்கு இல்லை.

ஒரு கோடைக்கால ஏகாதசி. அவன் மனைவி செங்கமலம் காலையில் புல்கட்டைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். அங்கே செவலை என்ற பசு கன்று போட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

"கீழே வை அதை," என்றான் சாரங்கன். "இன்றைக்கு நம் வீட்டில் எல்லாருக்கும் விரதம். மாட்டுக்கு மட்டும் என்ன?"

"ஐயையோ, இது என்ன பேச்சு! பச்சை உடம்புக்காரி. கன்று வேறு பால் குடிக்கிறது. வாயில்லாப் பூச்சியா அது? கேட்டுப் பாருங்களேன், வேண்டாம் என்றா சொல்லும்?"

"பசுவும் விரதம் இருக்கிற வீடு என்று ஊர் பேசும். புண்ணியத்தில் அதற்கும் பங்கு உண்டு. நீ உள்ளே போ."

சொன்னதோடு விட்டானா? தொழுவத்துக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

உள்ளேயிருந்து செவலை கூப்பிட்டது. "ஐயா, நீங்கள் விரதம் இருங்கள். என்னை அவிழ்த்துவிட்டால் நானே எங்கேயாவது மேய்ந்துகொள்வேன்."

"பெருமாள் பேரைச் சொல்லு. பசி தெரியாது," என்று சிரித்தான் சாரங்கன்.

வெயில் உச்சிக்கு ஏறியது. "ஐயா, மடி வற்றிப்போச்சு. கன்று முட்டி முட்டிப் பார்க்கிறது," என்றது செவலை. அவன் ஜால்ராவை எடுத்து இன்னும் ஓங்கித் தட்டினான். செங்கமலம் காலில் விழுந்து சாவியைக் கேட்டாள். தரவில்லை.

பொழுது சாயும்போது பசுவின் குரல் கம்மிவிட்டது. "எனக்கு வேண்டாம் ஐயா. கன்றுக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள்."

"விடிந்தால் துவாதசி. எல்லாருக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு," என்று சொல்லிவிட்டான்.

விடிந்தது. வாசலில் இலைகள் விரித்தாயிற்று. அடுப்படியில் துவாதசிச் சமையலுக்கு அகத்திக்கீரை மலையாகக் குவிந்திருந்தது. விருந்துக்கு வந்த கூட்டத்தைச் சாரங்கன் தொழுவத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். "வாருங்கள், ஏகாதசி இருந்த பசுவைப் பாருங்கள்!" என்று கதவைத் திறந்தான்.

கன்று நாலு காலும் விறைத்துக் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கண்ணில் ஈ மொய்த்தது. செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது, நக்கினால் எழுந்துவிடும் என்பதுபோல.

செங்கமலம் மார்பில் அறைந்துகொண்டு, "பாவி! பாவி!" என்று கத்தினாள். சாரங்கன் விழுந்தடித்து ஓடி, அடுப்படியிலிருந்து அகத்திக்கீரையை வாரி வந்து நீட்டினான்.

"சாப்பிடு தாயே! இன்னும் என்ன வேண்டும்? கேள், எது வேண்டுமானாலும் கேள்!"

செவலை தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. "நேற்றெல்லாம் கேட்டேன் ஐயா. இனிமேல் கேட்க மாட்டேன்," என்றது.

வந்தவர்கள் இலையைத் தொடாமல் எழுந்து போனார்கள். விரதம் முடிக்கிற நேரமும் கடந்தது. பொழுதெல்லாம் கீரையை நீட்டிக்கொண்டு, "ஒரு வார்த்தை பேசம்மா," என்று அவன் அழுதான். சாயங்காலம் செவலை அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாய் கடித்தது. பேசவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவன் தண்ணீர் குடித்தான்.

அன்று முதல்தான் எந்த மாடும் மனுஷனிடம் வாய் திறந்து எதையும் கேட்பதில்லை. அன்று முதல்தான் துவாதசியில் விரதம் முடிக்கிறவர்கள் தாங்கள் ஒரு பருக்கையை வாயில் வைக்கும் முன்னால், ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கொண்டுபோய், பசு கேட்காமலே அதற்கு நீட்டுகிறார்கள்.