பாய்க்கு வந்த பொன்னாடை

குனிந்து பெருக்கியே முதுகு பிடித்துப்போன வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்க அரசு பணம் கொடுத்தது. அவர்களில் ஒருத்தியான, வீட்டுவேலை செய்யும் செங்கமலம், படுத்துப் பயிற்சி செய்யப் பாய் கேட்டு நகராட்சிக்குப் போனாள்.

"வந்த பணம் மேடைக்கும் பொன்னாடைக்குமே சரியாப்போச்சும்மா. வெறுந்தரையில செய்யுங்க," என்றார் நகராட்சித் தலைவர் தணிகாசலம்.

திறப்பு விழாவில் அவர் தோளில் பொன்னாடைகள் குவிந்தன. "இதெல்லாம் எனக்கில்லை, மக்களுக்குச் செய்யும் மரியாதை!" என்று மைக்கில் முழங்கினார்.

கைதட்டல் ஓயுமுன் செங்கமலம் மேடையேறி அவர் தோளிலிருந்த பொன்னாடைகளை அள்ளிவந்து தரையில் விரித்தாள். பெண்கள் அவற்றின்மேல் படுத்துக் காலைத் தூக்கினார்கள்.

"என்னம்மா இது?" என்று தலைவர் பதறினார்.

"எங்களுக்குச் செஞ்ச மரியாதைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? முதுகுக்கு இதமா இருக்கு."

கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் சிரித்துவைத்தார்.

மறுவாரமே பாய்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் தலைவர் பெயர் அகலமாக அச்சாகியிருந்தது. அதை மிதிக்காமல் பயிற்சி செய்ய யாராலும் முடியவில்லை.