சின்னராஜாவின் மோட்டார் சைக்கிள் நம்பர்

கோடாலியூர் ராஜா வீரகெஜ பூபதிக்கு யானை பிடிக்காது, குதிரை பிடிக்காது. பட்டாளத்து மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும் உயிர். சண்டைக்குப் போய் வந்த பழைய வண்டி எங்கே கிடந்தாலும் வாங்கி வந்து லாயத்தில் கட்டிவிடுவார். கட்டுவது என்றால் நிஜமாகவே சங்கிலி போட்டுக் கட்டுவது. அப்படிப் பதினோரு வண்டிகள் நின்றன.

இந்தப் பைத்தியத்துக்கு அடியில் ஒரு துக்கம் இருந்தது. ராஜாவின் தம்பி ஜெயவீரன் முதல் மகாயுத்தத்தில் பாஸ்ராவுக்குப் போனவன். பட்டாளத்துச் செய்திகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. ஒரு நாள் வண்டி மட்டும் பட்டாளத்துக்குக் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. பிறகு அந்த வண்டியும் ஏலத்தில் எங்கோ போய்விட்டது. அவன் கடைசிக் கடிதத்தில், "அண்ணா, என் குதிரைக்குப் பெயர் கிடையாது. எஞ்சினில் அடித்த நம்பர்தான். 5173" என்று எழுதியிருந்தான். இருபது வருஷமாக ராஜா தேடியது அந்த ஒரு நம்பரைத்தான்.

ஒரு நாள் காலையில் சிரஸ்தார் பஞ்சநதம் மூச்சு வாங்க ஓடிவந்தார். அரண்மனைக் கடிதங்களையெல்லாம் கட்டி வைத்துக் காப்பது இவர்தான்.

"மகாராஜா! சின்னராஜாவின் வண்டி கிடைத்துவிட்டது!"

பின்னாலேயே பழைய வண்டி வியாபாரி கோமளநாதன் ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ராஜா தரையில் மண்டி போட்டார். எஞ்சின் மேல் விரலை வைத்து, சபை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"ஐந்து... ஒன்று... ஏழு... மூன்று!"

"என்ன வேண்டும், கேள்!" என்றார் வியாபாரியிடம்.

"கீழத்தோப்பு போதும் மகாராஜா. உள்ளே குடியிருக்கிறவர்களைக் காலி செய்து கொடுத்துவிட்டால்..."

கீழத்தோப்பில் இருபது குடும்பங்கள் இருந்தன. ராஜா அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் இல்லை. "கொடுத்தேன்!" என்று சொல்ல வாயெடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா" என்று ஒரு குரல் வந்தது.

அரண்மனைப் புலவர் அரியநாயகக் கவிராயர். ராஜா எங்கே போனாலும் மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கத்துத் தொட்டியில் இவரை உட்காரவைத்துத்தான் ஓட்டிப் போவார். பாதி வழியில் வண்டி நின்றால் தள்ளுவதும் கவிராயர்தான். அதனால் பாட்டுக்கு நிகராக எஞ்சினும் அவருக்கு அத்துப்படி.

"நம் பதினோரு வண்டியிலும் நம்பர் அடித்த இடம் மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இங்கே மட்டும் அப்போதுதான் சவரம் செய்த கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறதே! யாரோ பழைய நம்பரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, புது நம்பர் அடித்திருக்கிறார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. "வழவழப்பு ஒரு சாட்சியா? என் தம்பியின் வண்டியைப் போலி என்கிறீர். நாளை உச்சிவேளைக்குள் அதை நிரூபியும். வண்டி மேல் உளி படக்கூடாது, விரல்கூடப் படக்கூடாது. முடியாவிட்டால் ஊரைவிட்டே போய்விடும்!"

சிரஸ்தாருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

"உத்தரவு. சின்னராஜாவின் கடிதத்தை மட்டும் ஒரு முறை பார்க்கலாமா?" என்றார் கவிராயர்.

கடிதம் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மோசம் போனோம்! கடைசி இலக்கம் மூன்று இல்லை மகாராஜா, எட்டு. இடது பக்கத்து மசி மங்கிப்போய் மூன்று மாதிரி தெரிந்திருக்கிறது. 5178!"

ராஜா கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. தம்பியின் கையெழுத்தைப் பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். "அப்படியானால் இது அவன் வண்டி இல்லையா?" என்றபோது குரல் உடைந்தது.

கோமளநாதன் குறுக்கே பாய்ந்தான்.

"ஐயோ மகாராஜா! இருபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு! எட்டின் ஒரு பக்கம் அடைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி நாளைக் காலையில் கொண்டுவருகிறேன்."

"நன்றாகக் கழுவு அப்பா" என்றார் கவிராயர், கடிதத்தை மடித்துத் தம் மடியில் செருகிக்கொண்டே.

மறுநாள் காலையில் வண்டி பளபளவென்று வந்து நின்றது. ராஜா குனிந்து வாசித்தார். 5178.

கவிராயர் கேட்டார். "இதுதானே முதன்முதலில் அடித்த நம்பர்? பிசகு ஒன்றும் இல்லையே?"

"சத்தியமாக இதுதான்! நேற்றுத் தெரிந்ததுதான் பிசகு."

"சந்தோஷம். மகாராஜா, இப்போது கடிதத்தைத் தாங்களே பாருங்கள்."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மசி கொஞ்சமும் மங்கவில்லை. 5173 என்று பளிச்சென்று இருந்தது.

"எட்டு என்றது நான் சொன்ன பொய்" என்றார் கவிராயர். "இன்றைய நம்பர் நிஜமென்றால் இது சின்னராஜாவின் வண்டி இல்லை. நேற்றைய நம்பர் நிஜமென்றால் இன்றையது போலி. கோமளநாதா, உனக்கு எது சௌகரியம்?"

கோமளநாதனின் கை தானாகச் சிரஸ்தாரைக் காட்டியது. "தோப்பில் பாதி தரச் சொல்லி இவர்தான் நம்பரைக் கொடுத்தார்!" காவலர்கள் இருவரையும் அழைத்துப் போனார்கள்.

ராஜா மெதுவாகக் கேட்டார். "என் தம்பியின் எழுத்தை வைத்தா பொய் சொன்னீர்?"

"எனக்கும் நெஞ்சு உறுத்தியது மகாராஜா. ஆனால் அவர் பெயரால் இருபது குடும்பம் தெருவில் நிற்பதற்கு அவரே சம்மதித்திருக்க மாட்டார்."

ராஜா தலையாட்டினார். கீழத்தோப்பை அங்கே குடியிருந்தவர்களுக்கே ஜெயவீரன் நினைவாக எழுதிக் கொடுக்க உத்தரவிட்டார். கவிராயர் தோளில் தம் சால்வையையே போர்த்தினார்.

"அந்தத் திருடனின் வேலையையும் மெச்சத்தான் வேண்டும், கவிராயரே. மூன்றின் இடது பக்கத்தில் இரண்டே வளைவு போட்டு எட்டாக்கிவிட்டானே!"

"அது என்ன பெரிய வித்தை மகாராஜா? 'நம்பர்' என்று எழுதி நடுவில் ஒரே ஒரு கால் போட்டுப் பாருங்கள். யாரும் 'நம்பார்'!"

ராஜா காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். அடுத்த கணம் அவர் சிரித்த சிரிப்பில் லாயத்துச் சங்கிலியெல்லாம் குலுங்கியது.