நாலு பேருக்குச் செஞ்சுட்டு வா!

நாமக்கல்லில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக வெப்சைட் செய்து கொடுக்கக் கிளம்பினாள் நவமணி. லேப்டாப் இருந்தது, வேலையும் தெரியும். வாடிக்கையாளர்தான் ஒருத்தர்கூட இல்லை. கடைகடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஏகாம்பரத்தின் திருமணத் தகவல் மையத்துக்குள் நுழைந்தாள்.

ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதுவரைக்கும் யாருக்கும்மா செஞ்சு குடுத்திருக்கே?"

"நீங்கதானுங்க சார் முதல்."

"முதலா? முன் அனுபவம் இல்லாத ஆளை நான் வாசப்படி ஏத்தறதில்லை. நாலு பேருக்குச் செஞ்சுட்டு வா!" வரன் பார்க்க வந்து பெஞ்சில் காத்திருந்தவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

நவமணி பையைத் தோளில் மாட்டினாள். "சரிங்க சார். ஒரே ஒரு சந்தேகம். நாலு கல்யாணம் பண்ணி, நல்ல முன் அனுபவத்தோட ஒரு மாப்பிள்ளை வந்தா உள்ளே விடுவீங்களா?"

"அவனையா? வாசல்லயே துரத்திடுவேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்துவிட்டார்.

"உட்காரும்மா, வேலை உனக்குத்தான். ஆனா இனிமே என்னைத் தவிர வேற யாருக்கும் செய்யக் கூடாது."

"அது கல்யாணம் சார். நான் வந்தது வேலைக்கு" என்றபடியே, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் விசிட்டிங் கார்டு கொடுக்க ஆரம்பித்தாள் நவமணி.