பாதிப் புயல்

ஒரு ஊர்ல ஒரு பஞ்சவர்ணம் இருந்தா. சங்குமேடுன்னு கடலோர ஊரு. அங்க இருந்த சின்னத் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறதுதான் அவ வேலை. கூண்டுன்னா கிளிக்கூண்டு இல்லடா. கடல்ல இருக்கறவங்களுக்குத் தெரியணும்னு உசரக் கம்பத்துல ஏத்துற அடையாளம். கேக்குறியா? ம் கொட்டு.

அந்த வருஷம் ஐப்பசியில கடல்தண்ணி குளிக்கிற வெந்நி மாதிரி வெதுவெதுன்னு கெடந்துச்சு. அப்படிச் சூடானா ஆவி மேல மேல எழும்பும். அப்போ கீழ காலியான எடத்துக்கு நாலாபக்கமிருந்தும் காத்து உஸ்ஸுன்னு ஓடி வரும். நேரா வருமா? வராது. பூமி சுத்துதில்ல, அதனால வளைஞ்சு வளைஞ்சு சுத்த ஆரம்பிச்சிடும். அப்படித்தான் அந்தமான் பக்கத்துல ஒரு சுழல் பொறந்துச்சு. சூட்டுத் தண்ணிதான் அதுக்குத் தீனி. தின்னுக்கிட்டே, பெருத்துக்கிட்டே, மெதுவா மேற்க நகந்து வந்துச்சு.

பஞ்சவர்ணம் மொத நாள் ஒண்ணாம் நம்பர் ஏத்துனா. அப்புறம் மூணு. அப்புறம் ஒரு காலைல பத்து ஏத்துனா. பத்துன்னா நம்ம மேலயே வருதுன்னு அர்த்தம். ஊர்ச் சனம் பூரா பள்ளிக்கூடத்துக்குள்ள போயிடுச்சு. அவ வாசல்ல நின்னு ஒவ்வொரு தலையா எண்ணி உள்ள விட்டா. நூத்தி நாப்பத்தொண்ணு.

மத்தியானம் வந்துச்சு பாரு, வடக்கேருந்து காத்து! ஹோ... ஹோ...ன்னு. தென்னை மரம் மடார் மடார்னு முறியுது, ஓடு சடசடன்னு பறக்குது. புள்ளைங்கள்லாம் அம்மா மடியில மொகத்த வச்சுக்கிச்சுங்க.

அப்புறம் என்னாச்சு தெரியுமா? சட்டுனு நின்னுடுச்சு. ஒரு இலை ஆடல. மேல வெயிலடிக்குது. எங்கேயோ நடுக்கடல்ல இருக்குற பறவைங்க பள்ளிக்கூட முத்தத்துல வந்து களைச்சுப்போய் உக்காந்துருக்கு.

"போயிடுச்சு, போயிடுச்சு!"ன்னு எல்லாரும் எழுந்துட்டாங்க.

பஞ்சவர்ணம் வாசல மறிச்சு நின்னா. "போகல. இது நடு. இதத்தான் புயலோட கண்ணுன்னு சொல்லுவாங்க. பாதிதான் தாண்டியிருக்கு. இனிமே தெக்கேருந்து அடிக்கும்."

மொதல்ல காளியம்மா வந்தா. "ஆடு ரெண்டும் கட்டுலயே நிக்குதுடி."

"நீ இருந்தாத்தான ஆடு மேய்ப்ப? உக்காருக்கா." அவ அழுதுக்கிட்டே உக்காந்தா.

அப்புறம் பஞ்சவர்ணத்தோட புருஷன் வைரக்கண்ணு வந்தான். "படகு கயிறு தளர்ந்திருக்கும். ஒரு முடிச்சுப் போட்டுட்டு ஓடி வந்துடுறேன். வழிய விடு."

"விடமாட்டேன்."

"ஊர் பாக்க என்னை அசிங்கப்படுத்துறியா?"

"ஆமா"ன்னு அவன் இடுப்ப ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அவன் திமிறுறான், அவ விடல.

அப்போதான் மூணாவதா செல்லையன். அவனுக்கும் படகுதான். எல்லாரும் வாசல்ல நடக்குற சண்டையவே பாத்துக்கிட்டிருக்க, அவன் பின்பக்க ஜன்னல்ல தொத்திக் குதிச்சுட்டான். அவன் பொண்டாட்டி வள்ளிமயிலு கத்துன பொறவுதான் பஞ்சவர்ணம் திரும்பிப் பாத்தா. "செல்லையா! திரும்பி வாடா!" அவன் கைய ஆட்டிட்டுக் கரையப் பாத்து ஓடுறான்.

கொஞ்ச நேரந்தான். தெக்கேருந்து கர்ர்ர்னு ஒரு எரைச்சல். வானம் கறுத்துப்போச்சு. மொத்தக் கடலும் எழுந்து தெருவுக்குள்ள வந்துச்சு.

செல்லையன் வரல.

புயல் தரைமேல ஏறிடுச்சு. தரையில அதுக்குத் தீனி ஏது? உள்ள போகப் போக மெலிஞ்சு, எங்கேயோ வயக்காட்டுல வெறும் மழையாப் பேஞ்சு செத்துப்போச்சு.

மறுநாள் ஊர்ப் பெரியவங்க கும்பிட்டாங்க. "நூத்தி நாப்பது உசிரக் காப்பாத்துனியே தாயி."

"நூத்தி நாப்பத்தொண்ணு பேர உள்ள விட்டேன்"னு மட்டும் சொன்னா. வைரக்கண்ணு அவ பக்கத்துல வந்து நின்னுக்கிட்டான்.

அப்புறம் அவ வள்ளிமயிலு வீட்டுக்குப் போனா. அவ தலைய எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, அவ அழுது ஓயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா.

ம்... சத்தத்தயே காணோமே. சரி, கதை கரையேறிடுச்சு, நீ தூங்கு சாமி.